டிக்கெட்டோடு விற்கும் ‘கார்பன் ஈடு’: காசு கட்டும் முன் பார்க்க வேண்டியவை

விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் கடைசித் திரையில் சின்னக் கட்டம் ஒன்று வரும்: ‘உங்கள் பயணத்தின் கார்பனை ஈடுசெய்யுங்கள்’. டிக் செய்தால் கட்டணத்தோடு சிறு தொகை சேரும். உங்கள் பயணம் வெளியிடும் கார்பனுக்கு ஈடாக வேறெங்கோ அதே அளவைக் குறைக்க அந்தத் தொகை போகும் என்பது வாக்குறுதி. இங்கே மதிப்பிடுவது அந்தச் சேவையைத்தான். அதற்குப் பக்கத்தில், விமான நிறுவனங்கள் சட்டப்படி ஒப்படைக்க வேண்டிய உமிழ்வு உரிமங்களையும் (ஓர் உரிமம் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிட அனுமதி) வைத்துப் பார்க்கிறோம். இரண்டையும் ‘கார்பன் வணிகம்’ என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

முதலில் கணக்கு. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எரிபொருளில் உள்ள கரிமத்தோடு காற்றின் ஆக்சிஜன் சேர்வதால் எடை கூடுகிறது. ஒரு பயணத்தில் 6 டன் எரிபொருள் செலவாகி, 150 பேர் இருந்தால் தலைக்கு சுமார் 126 கிலோ. அதே விமானத்தில் 180 பேர் இருந்தால் 105 கிலோ. டிக்கெட் விற்கும்போது எத்தனை பேர் ஏறப்போகிறார்கள் என்று, உங்கள் பங்கைக் கணக்கிடும் இணையக் கணிப்பானுக்குத் தெரியாது. சராசரி ஒன்றை வைத்துத்தான் போடும். நேர்கோட்டுத் தூரத்தோடு சுற்றுவழிக்கென எவ்வளவு சேர்க்கிறது, பிசினஸ் வகுப்பு இருக்கை அடைக்கும் கூடுதல் இடத்தைக் கணக்கில் எடுக்கிறதா என்பதைப் பொறுத்து, ஒரே பயணத்துக்கு இரண்டு கணிப்பான்கள் வெவ்வேறு எண் காட்டும். விமானத்தின் பின்னே நீளும் வெண்புகைக் கோடுகளும் பூமியைச் சூடாக்குகின்றன. பெரும்பாலான கணிப்பான்களில் அவை வருவதே இல்லை.

அடுத்து, அந்தக் காசு என்ன வாங்குகிறது? ஒரு கார்பன் கிரெடிட் என்பது, ஏதோ ஒரு திட்டம் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்ததற்கான சான்று. 126 கிலோவுக்குத் தனி கிரெடிட் கிடையாது. பலருடைய தொகையைச் சேர்த்து மொத்தமாக வாங்கி, கிரெடிட்டுகளைக் கணக்கு வைக்கும் பதிவேட்டில் ‘ரத்து’ செய்வார்கள். ரத்தான கிரெடிட்டை மறுபடி விற்க முடியாது. நம்பத்தகுந்த ரசீதில் பதிவேட்டின் பெயர், திட்ட எண், உமிழ்வு குறைக்கப்பட்ட ஆண்டு, தொடக்கமும் முடிவும் கொண்ட வரிசை எண்கள், ரத்தான தேதி எல்லாம் இருக்கும். வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற பதிவேடுகளில் வரிசை எண்ணைத் தேடினால் பதிவு கிடைக்க வேண்டும். ‘நன்றி, ஒரு மரம் நட்டீர்கள்’ என்று இலைப் படத்தோடு வரும் மின்னஞ்சலை ரசீதாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

ரத்துப் பதிவு சரியாக இருந்தாலும் கிரெடிட் நல்லதாக இருக்கும் என்று உறுதியில்லை. வெட்டப்படும் ஆபத்தே இல்லாத காட்டைக் ‘காப்பாற்றியதாக’ கணக்குக் காட்டலாம். காப்பாற்றிய காடு அடுத்த கோடையில் தீப்பிடிக்கலாம். அதே குறைப்பைத் திட்டம் நடக்கும் நாடும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். எல்லாப் பயணங்களுக்கும் தானே கிரெடிட் வாங்கி வந்த பிரிட்டிஷ் விமான நிறுவனம் ஈஸிஜெட், அதை நிறுத்தப்போவதாக 2022-இல் அறிவித்தது. நெதர்லாந்து விமான நிறுவனமான கே.எல்.எம்.-இன் பசுமை விளம்பரங்கள் பயணிகளைத் தவறாக வழிநடத்தின என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகம் வேறு வகை. அங்கே மொத்த உமிழ்வுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஆண்டுக்கு ஆண்டு அது இறங்கும். நிறுவனம் ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் உரிமம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் டன்னுக்கு 100 யூரோவும் அதன் மேல் பணவீக்கமும் அபராதம். அபராதம் கட்டினாலும் விட்டுப்போன உரிமத்தை ஒப்படைத்தே ஆக வேண்டும். இந்த இரண்டாம் விதிதான் திட்டத்தின் முதுகெலும்பு. காசு கொடுத்துத் தப்பிக்க அது வழி விடுவதில்லை.

ஆனாலும் பல ஆண்டுகள் இந்தத் திட்டம் அரைகுறையாகவே ஓடியது. 2012-இல் விமானங்களைச் சேர்த்தபோது அமெரிக்கா, சீனா, இந்தியா எல்லாம் எதிர்த்தன. ஐரோப்பாவுக்கு வெளியே போய்வரும் பயணங்கள் விலக்கப்பட்டன. நீண்ட தூரப் பயணங்களில்தான் எரிபொருள் அதிகம் எரிகிறது என்பதால் இது பெரிய ஓட்டை. போதாக்குறைக்கு, உரிமங்களில் பெரும்பகுதி இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அந்த இலவசம் 2024-இல் கால்பங்கும் 2025-இல் பாதியும் வெட்டப்பட்டது. 2026 முதல் கிடையாது. தாமதமானாலும் சரியான திருத்தம்.

பன்னாட்டுப் பயணங்களுக்கென ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பு நடத்தும் கோர்சியா என்ற ஈட்டுத் திட்டம் பெயரில் பெரியது, பிடியில் தளர்ந்தது. 2019 உமிழ்வின் 85 சதவீதம்தான் அடிப்படை அளவு; அதற்கு மேல் போனதை மட்டும் ஈடுசெய்தால் போதும். உள்நாட்டுப் பயணங்கள் இதில் வராது. 2026 வரை நாடுகள் விரும்பினால் சேரலாம். 2027 முதல்தான் பெரும்பாலானவற்றுக்குக் கட்டாயம். இன்னொரு கோளாறும் உண்டு. 2032 வரை ஒரு நிறுவனத்தின் பொறுப்பு, அதன் சொந்த வளர்ச்சியை வைத்து அல்ல, துறை முழுவதன் வளர்ச்சி விகிதத்தை வைத்தே தீர்மானமாகிறது. விகிதம் 15 சதவீதம் என்றால், 10 லட்சம் டன் வெளியிட்ட நிறுவனம் 1.5 லட்சம் டன்னுக்குக் கிரெடிட் வாங்க வேண்டும். உமிழ்வைப் பாடுபட்டுக் குறைத்த நிறுவனத்துக்கும் அதே விகிதம்தான். 2033 முதல் சொந்த வளர்ச்சிக்கு 15 சதவீத எடை கிடைக்கும். இது மிகவும் குறைவு என்பது எங்கள் கருத்து.

ஆகவே டிக் செய்யும் முன் திட்ட எண்ணும் ஆண்டும் திரையில் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், அதே தொகைக்குப் பதிவேட்டில் உள்ள திட்டம் ஒன்றில் நேரடியாகக் கிரெடிட் வாங்கி, உங்கள் பெயரில் ரத்து செய்யச் சொல்லலாம். நேரடி விமானம் இருந்தால் மாறிச் செல்லும் வழியைத் தவிருங்கள். ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் எரிபொருள் அள்ளிக்கொண்டு போகும்.

சில நிறுவனங்கள் ஈட்டுக்குப் பதிலாக ‘பசுமை எரிபொருள்’ (பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் விமான எரிபொருள்) பங்களிப்பு கேட்கின்றன. அந்த எரிபொருள் நீங்கள் ஏறும் விமானத்தில் இருக்காது. வேறெங்கோ நிரப்பியதன் கணக்கு உங்கள் பெயரில் ஏறும். அதில் குற்றமில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் விற்கும் எரிபொருளில் 2025 முதல் 2 சதவீதம் இந்த வகையாக இருப்பது கட்டாயம். நீங்கள் கட்டும் தொகை அந்தக் கட்டாயப் பங்குக்கு மேல் கூடுதலாக ஒரு லிட்டராவது வாங்குகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு கட்டுங்கள்.