புது டிராக்டரா, வாரண்டி மிச்சமுள்ள பழைய டிராக்டரா?

45–50 எச்.பி. டிராக்டர் எடுக்க மூன்று வழி இருக்கிறது. ஷோரூமில் புதுசு. ஒன்றிரண்டு வருடம் ஓடி, கம்பெனி வாரண்டி இன்னும் மிச்சமிருக்கும் வண்டி. "இன்ஜின், கியர் பாக்ஸுக்கு மூணு மாசம் நான் பொறுப்பு" என்று வியாபாரி வாய்வார்த்தையாகத் தரும் வண்டி. நான் எடுத்தது இரண்டாவது. சொந்த நிலத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கும் அதையே சொல்வேன், சர்வீஸ் புக் முழுசாக இருந்தால் மட்டும்.

புதுசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வருடத்துக்கு 800 மணிக்கு மேல் வாடகைக்கு ஓட்டுகிறவர் புதுசே எடுக்கட்டும். 800 என்பது தோராயக் கணக்குதான். டீசல், டிரைவர் கூலியைப் பொறுத்து மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய பில்லைக் காட்டிப் பழைய வண்டிக்கு விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்றைய ஷோரூம் விலையிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

வாரண்டி என்றால் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். கிளட்ச் பிளேட், பிரேக், ஃபில்டர், பெல்ட் போன்று தேய்கிற சாமான்கள் பெரும்பாலும் அதில் வராது. டயர், பேட்டரி, டீசல் பம்புக்கு அவற்றைச் செய்த கம்பெனியே பொறுப்பு என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நடவு நேரத்தில் வண்டி ஒர்க் ஷாப்பில் நின்றால், அந்த நாட்களின் நஷ்டத்தை யாரும் தர மாட்டார்கள். புதுசுக்கும் இதே விதிதான்.

சர்வீஸ் புக்தான் இதில் உயிர். முதல் சர்வீஸ் 50 மணி வாக்கில். பிறகு கம்பெனி சொன்ன இடைவெளியில், பெரும்பாலும் 250 மணிக்கு ஒரு தடவை. ஒவ்வொன்றிலும் தேதி, மீட்டர் மணி, டீலர் முத்திரை மூன்றும் வேண்டும். நடுவில் ஒன்று விட்டிருந்தாலும் வாரண்டி கிளெய்மைத் தட்டிக்கழிக்க அதுவே போதும். புத்தகத்தை மட்டும் நம்பாமல், சேஸிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய் ஜாப் கார்டுகளை (சர்வீஸில் செய்த வேலையின் பதிவு) பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரில் 900 மணி, ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கை, பின்னால் ரொட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருக்கின்றன என்றால் மீட்டர் மாறியிருக்கலாம். இரண்டாவது உரிமையாளருக்கு வாரண்டி மாறுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேஸிஸ் நம்பர் போட்டு கம்பெனியிடமே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

புத்தகம் கிளெய்முக்கு மட்டுமல்ல, வண்டியை எப்படிப் பராமரித்தார்கள் என்று பார்க்கவும்தான். ஏர் கிளீனரைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் தூசி உள்ளே போய் இன்ஜினுக்குள் லைனரும் ரிங்கும் தேயும். அது பராமரிப்புக் குறை, வாரண்டியில் வராது. அதனால் காலையில், இன்ஜின் சூடாவதற்கு முன் போங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குப்குப்பென்று தள்ளினால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது. தஞ்சை, திருவாரூர் பக்கம் சேறு அடித்த வண்டியா? ஆக்ஸில் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கலாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் பின் ஹவுசிங் டிரெயின் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் கீழே இறங்கி நிற்கும், ஆயிலுக்கு முன்னால் அதுதான் சொட்டும். ரொட்டவேட்டரைத் தூக்கி இன்ஜினை அணையுங்கள். சில நிமிடத்தில் தரையைத் தொட்டால் ஹைட்ராலிக் சீலோ வால்வோ போயிருக்கிறது.

வியாபாரியின் மூன்று மாத வாக்கை நான் கணக்கில் எடுப்பதில்லை. அதுதான் கிடைக்கிறது என்றால் எழுத்தில் வாங்குங்கள்: இன்ஜின் நம்பர், எந்தெந்த பாகம், கூலி யார் தலையில், வண்டியை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோகும் செலவு யாருடையது. பில்லும் வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்குகிறவரும் நுகர்வோர்தான். குறை எழுந்த 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆள் வைத்து நாலைந்து வண்டி ஓட்டுகிறவர் இதே பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் அதை நீக்கும் ஃபார்ம் 35-ம் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்), பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30-ம் கையில் வரும் வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.