தோஹாவில் திறந்த பங்குக் கணக்கு, திருகோணமலையில் எடுக்கும் பணம்

பங்கு வர்த்தகச் செயலிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கணக்குத் திறப்பதில் தொடங்கி, முதல் பங்கு வாங்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். காசு போடுவது எந்தச் செயலியிலும் சுகமாகத்தான் இருக்கும். அதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கிறார்கள். போட்ட காசு திருகோணமலை உவர்மலையில் குடியிருக்கும் ஒருவரின் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்து சேருமா, எவ்வளவு குறைந்து சேரும், வழியில் யாருக்கு என்ன கடதாசி காட்ட வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பதில் தேடியபோது எனக்குத் தமிழில் ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

2021இல் கட்டாரில் வேலையில் இருந்தபோது ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் செயலியில் கணக்குத் திறந்தேன். கட்டார் ரியால் டொலருடன் 3.64 என்று கட்டிவைக்கப்பட்ட நாணயம் என்பதால், அங்கிருந்து பணம் போடுவதில் மாற்று விகிதக் கவலை இருக்கவில்லை. 2022 உலகக் கிண்ணம் முடிந்து வேலைகள் சுருங்கத் தொடங்கியதும் ஊர் திரும்பினேன். கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. செயலியின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்குமேல் இந்தத் தொழிலுக்கே பொதுவானவை.

முன்கூட்டியே ஒன்று: இது வெளிநாட்டில் உழைத்து, அங்கேயே முதலிட்டுவிட்டுத் திரும்பியவரின் கதை. இங்கிருந்துகொண்டு ரூபாயை டொலராக்கி அமெரிக்கப் பங்கு வாங்குவதற்கு 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டமும் அதன்கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் தனி வழி வகுத்திருக்கின்றன. 2020 ஏப்ரலுக்குப் பிறகு அந்த வழி மிகவும் ஒடுக்கமாகிவிட்டது. அதைப் பற்றி வங்கியில் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

பணம் எடுக்கும்போது முதல் தடங்கல் பெயரில் வந்தது. நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பனார் பெயர் இருக்கும். செயலி அதை அப்படியே எடுத்து என் பெயரை முன்னும் அப்பா பெயரைப் பின்னுமாக அடுக்கிக்கொண்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிரதான வீதிக் கிளையில் திறந்த வங்கிக் கணக்கிலோ அப்பா வெறும் முதலெழுத்து. பிறகு என் பெயர். நமக்கு இரண்டும் ஒரே ஆள்தான். சர்வதேசப் பணமாற்றத்தைச் சரிபார்ப்பவருக்கு இரண்டு ஆட்கள். தரகர்கள் கணக்கு வைத்திருப்பவரின் சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம் அனுப்புவார்கள். மச்சானின் கணக்கு, மனைவியின் கணக்கு என்ற பேச்சே கிடையாது. பணச்சலவைத் தடுப்பு விதி அது. அதிலும் இலங்கை 2017 முதல் 2019 வரை சர்வதேச நிதி நடவடிக்கைச் செயலணியின் சாம்பல் பட்டியலில், அதாவது பணச்சலவைத் தடுப்பில் குறையுண்டு என்று கண்காணிக்கப்படும் நாடுகளின் பட்டியலில், இருந்த நாடு. நம்மைக் கண்டால் கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள் என்றால் முழுப் பழியும் அவர்கள் மேல் இல்லை.

பணம் அமெரிக்காவைவிட்டுப் புறப்பட்டு, கொழும்புத் தலைமையகத்தில் பெயர் பொருந்தவில்லை என்று நின்றது. கிளையில் இருந்த உத்தியோகத்தர் பொறுமைசாலி. கடவுச்சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் நீங்கள் யார், உங்களுடைய அப்பா யார்?" என்று கேட்டார். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சமாதான நீதவான் முன் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசி எல்லாம் கொடுத்து, வங்கிக் கணக்கின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி விரித்து எழுதச் செய்தோம். அதன்பின் இன்றுவரை பெயரால் ஒரு தொல்லையும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், விடுமுறையில் ஊருக்கு வரும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள். பணம் நடுவழியில் நிற்கும்போது செய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது விலாசம். ஊர் திரும்பியபின் வதிவிடத்தை மாற்ற வேண்டும் என்று செயலி கேட்டது, அதற்கு ஆதாரமும் கேட்டது. வீட்டு மின்சாரப் பட்டியல் அப்பா பெயரில், தண்ணீர்ப் பட்டியலும் அப்பா பெயரில். கிராம உத்தியோகத்தர் தந்த வதிவிடச் சான்றிதழ் நம் நாட்டில் எந்தக் கந்தோரிலும் செல்லும். அமெரிக்காவில் உட்கார்ந்து ஆவணம் பார்ப்பவருக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. கடைசியில் என் பெயரும் விலாசமும் ஆங்கிலத்தில் அச்சான வங்கிக் கணக்கறிக்கைதான் காரியத்தை முடித்தது. வீட்டு இலக்கத்தில் உள்ள சாய்கோட்டைப் படிவம் ஏற்றுக்கொள்ளாமல் அடம்பிடித்தது தனிக்கதை. 31000 என்ற தபால் குறியீடு மட்டும் எதிர்ப்பின்றி உள்ளே போனது. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: எல்லாத் தரகர்களும் எல்லா நாட்டுக்காரருக்கும் சேவை கொடுப்பதில்லை. விலாசத்தை இலங்கைக்கு மாற்றினால் கணக்கையே மூடச்சொல்லும் நிறுவனங்களும் உண்டு. மாற்றுவதற்குமுன் அவர்களிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

தொலைபேசி இலக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறைக் கடவுச்சொல் பழைய கட்டார் இலக்கத்துக்குப் போகும்; அந்த சிம் அட்டை சில மாதங்களில் செத்துவிடும். விமானம் ஏறுமுன் மாற்றிவிடுங்கள், அல்லது கடவுக்குறி உருவாக்கும் தனிச் செயலியை இணைத்துவிடுங்கள்.

விலாசம் மாற்றிய அலைச்சலுக்கு நான் எதிர்பாராத ஒரு பலன் கிடைத்தது. அமெரிக்கரல்லாதோர் எல்லோரும் டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். கட்டாருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லை. ஆகவே அங்கே இருந்த காலத்தில் என் பங்கிலாபத்தில் (நிறுவனங்கள் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் இலாபத்தில்) 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தந்தார்கள். இலங்கைக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அதன்படி 15 சதவீதம். 100 டொலர் பங்கிலாபத்தில் 70 வந்த இடத்தில் இப்போது 85 வருகிறது. நம் நாட்டுக் கடவுச்சீட்டால் கிடைக்கும் சலுகைகள் கைவிரலுக்குள் அடங்கும் என்று நினைத்திருந்தவனுக்கு இது பெரிய ஆறுதல். (உண்மையில் கடவுச்சீட்டால் அல்ல, வதிவிடத்தால்.) பங்கை விற்றுவரும் இலாபத்துக்குப் பொதுவாக நம்மைப் போன்ற வதியாதோரிடம் அமெரிக்கா வரி பிடிப்பதில்லை. ஆனால் இங்கே வதிகிறவரின் உலகளாவிய வருமானம் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்குள் வரும் என்பதையும் மறக்கலாகாது. அந்தப் படிவம் கையொப்பமிட்ட ஆண்டோடு அடுத்த மூன்று ஆண்டுகள் முடியும்வரை செல்லும். 2023இல் இட்டது 2026 டிசம்பர் 31 வரை. காலாவதியானால் வரிப்பிடித்தம் கூடும், பணம் எடுப்பதும் தடைப்படக்கூடும்.

இனி எடுக்கும் வேலை. அமெரிக்கச் சந்தை நம் நேரத்தில் இரவு 7 மணிக்குத் திறந்து பின்னிரவு 1.30க்கு மூடும், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியபின் 8 மணி முதல் 2.30 வரை. விற்ற உடனே திரையில் தொகை தெரியும், அதைக்கொண்டு வேறு பங்கும் வாங்கலாம், ஆனால் எடுக்க முடியாது. தீர்வு, அதாவது விற்ற பங்கும் அதன் பணமும் உண்மையில் கைமாறுவது, முடிய ஒரு வேலை நாள் வேண்டும். 2024 மே 28க்கு முன் அது இரண்டு நாளாக இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு விற்றால் தீர்வு திங்கள்தான். நமக்கு அது விடிந்தால் செவ்வாய். "வாங்கும் சக்தி" என்றும் "எடுக்கக்கூடிய தொகை" என்றும் இரண்டு எண்களைச் செயலி வெவ்வேறு பக்கங்களில் காட்டுகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் காட்டினால் எத்தனை பேருக்கு நெஞ்சிடி மிச்சமாகும்!

விளம்பரத்தில் "பணமெடுப்பு இலவசம்" என்று எழுதியிருப்பார்கள். அது அமெரிக்க வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு, உள்நாட்டுப் பரிமாற்ற முறையில். நமக்கு சுவிஃப்ட் என்ற வங்கிகளுக்கிடையிலான வலையமைப்பு வழியாகச் சர்வதேசப் பணமாற்றம் மட்டுமே. படிவம் ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு இலக்கம் கேட்கும். இலங்கையில் ஐபான் முறை இல்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டிச் சென்று வங்கியின் சுவிஃப்ட் குறியீட்டையும் கணக்கு இலக்கத்தையும் கொடுக்க வேண்டும். குறியீட்டின் ஐந்தாம் ஆறாம் எழுத்துகள் நாட்டைக் குறிக்கும், நமக்கு எல்கே. அது இல்லையென்றால் வேறு நாட்டு வங்கியின் குறியீட்டை எழுதிவிட்டீர்கள் என்று பொருள்.

பணம் நேராக வருவதில்லை. தரகரின் வங்கியிலிருந்து பெரும்பாலும் நியூயோர்க்கில் உள்ள ஓர் இடைநிலை வங்கிக்கு, அங்கிருந்து கொழும்புக்கு, பிறகு கிளைக் கணக்குக்கு. சுங்கச்சாவடி போல ஒவ்வோர் இடத்திலும் ஏதோ பிடித்துக்கொள்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: அனுப்புக் கட்டணம் 25 டொலர், இடைநிலை வங்கி 15, இங்குள்ள வங்கி 5 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 45. 200 டொலர் எடுப்பவருக்கு அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 3,000 டொலர் எடுப்பவருக்கு ஒன்றரை சதவீதம். கட்டணங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். அதனால் முதல் தடவை மட்டும், வழி சரியா என்று பார்க்கச் சிறு தொகை அனுப்பினேன். அதன்பின் ஆண்டில் ஓரிரு முறை, பெரிய தொகையாக மட்டும். மாதச் செலவுக்கு இந்தச் செயலியை நம்பியிருப்பவருக்கு என் அனுபவம் உதவாது.

நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாதந்தோறும் போயா தினத்தில் நம் வங்கிகள் பூட்டு. அவர்களுக்கு நவம்பர் நான்காம் வியாழன், யூலை 4 என்று தனி விடுமுறைகள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய வாரத்தில் பணம் கேட்டுவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு வாரத்துக்குமேல் போனால் மட்டும் தரகரிடம் பணம் அனுப்பியதற்கான சுவிஃப்ட் சான்றை (எம்டி 103 என்று அழைக்கப்பட்டு வந்தது) கேளுங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேட அது போதும். அது கையில் இல்லாமல் கிளையில் போய் நின்றால் "இன்னும் வரவில்லை" என்ற பதிலுக்குமேல் ஒன்றும் கிடைக்காது. செயலியின் அரட்டைப் பெட்டியில் முதலில் பேசுவது இயந்திரம். "முகவர்" என்று திரும்பத் திரும்ப எழுதினால் மனிதர் வருவார், அவர் ஒழுங்காகவே பதில் சொல்வார்.

வந்து சேரும் கணக்கு எது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். ரூபாய்க் கணக்குக்கு வந்தால் வங்கி தன் அன்றைய கொள்வனவு விலையில் மாற்றிவிடும். தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு வைத்திருந்தால் டொலர் டொலராகவே இருக்கும், தேவைப்படும்போது மாற்றலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டதைக் கண்ட நாம் இதைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. அந்த நாட்களில் வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர்கள் இன்னும் கூடிய விலை தருகிறோம் என்றார்கள். தரகரின் பணம் அந்த வழியில் வராது, வரவும் கூடாது. பெரிய தொகை வந்தால் வங்கி எங்கிருந்து, எதற்காக என்று கேட்கும். விற்பனைக் கணக்கறிக்கையை அச்சிட்டு வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

நான் பங்குச் செயலி வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் தங்கள் தொலைபேசிகளைக் கொண்டுவந்து காட்டத் தொடங்கினார்கள். பாலையூற்றிலிருந்து வந்த ஒரு சித்தப்பாவின் செயலியில் இலாபம் பச்சையாக ஏறிக்கொண்டே இருந்தது. எடுக்கப் போனால் "வரிக்காக" முதலில் பணம் கட்டச் சொல்கிறது என்றார். "சித்தப்பா, என்னுடையதில் வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார்கள். எடுப்பதற்கு என்னிடம் காசு கேட்டதே இல்லை" என்றேன். அவருக்கு நம்ப மனம் வரவில்லை. அவரைச் சேர்த்துவிட்டவர் நல்ல மனிதராம். வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின்கீழ் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் (புதிதாகச் சேர்பவரின் காசில் ஓடும் திட்டங்களின்) பெயர்களை மத்திய வங்கி பகிரங்கமாக வெளியிட்டு வருகிறது. காசு போடுமுன் அதைப் பார்க்க ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகாது. உண்மையான அமெரிக்கத் தரகரென்றால் அங்குள்ள பங்கு முதலீட்டாளர் பாதுகாப்புக் கழகத்தில் (SIPC) அங்கத்தவராக இருப்பார். நிறுவனம் முறிந்தால் ஒரு வாடிக்கையாளருக்கு 500,000 டொலர் வரை, அதில் ரொக்கத்துக்கு 250,000 வரை பாதுகாப்பு. பங்கு விலை விழுந்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

இத்தனை காலத்தில் என் பணம் ஒருமுறைகூடத் தொலையவில்லை. தாமதித்த ஒவ்வொரு முறைக்கும் காரணம் கண்டுபிடிக்க முடிந்தது. ஐந்துக்கு நான்கு புள்ளி கொடுப்பேன். குறைத்த ஒன்று, நம் ஊர்ப் பெயர்களையும் ஆவணங்களையும் புரிந்துகொள்ளும் ஒருவரைக்கூட அவர்கள் வைத்திருக்கவில்லை என்பதற்காக. இன்னும் தீராத விடயம் ஒன்று இருக்கிறது. வதியாத வெளிநாட்டவர் இறந்தால், அவரது அமெரிக்கச் சொத்து 60,000 டொலரைத் தாண்டினால் அங்கே மரணச் சொத்து வரிக் கணக்குக் காட்ட வேண்டும். தாண்டாவிட்டாலும் குடும்பத்தவர் பணத்தை மீட்க அங்குள்ளவர்கள் கேட்கும் கடதாசிகளை அனுப்ப வேண்டும். பயனாளியை நியமிக்கும் வசதி இலங்கைக் கணக்குகளுக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். "உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்" என்று பதில் வந்திருக்கிறது. இல்லையென்று சொல்வார்களானால், அந்த 60,000 எல்லைக்கு வெகு கீழேயே கணக்கை வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் படிப்படியாக இங்கே கொண்டுவந்துவிடுவதாக இருக்கிறேன்.