டெக்ட்ரானிக்ஸ் 492: இருபது கிலோ பெட்டியோடு இருபத்தோரு ஆண்டுகள்

டெக்ட்ரானிக்ஸ் 492 ஸ்பெக்ட்ரம் அனலைசர் 2003-இல் என் கைக்கு வந்தது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலமான சிக்னல் இருக்கிறது என்று திரையில் வரைந்து காட்டும் கருவி அது. ஆய்வுக்கூடம் ஒன்று பழைய கருவிகளை ஏலம் விட்டபோது எடுத்தேன். அன்றிலிருந்து கேபிள் டி.வி. கண்ட்ரோல் ரூம்களின் மொட்டை மாடிகளுக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறேன். டிஷ்ஷைத் திருப்பி செயற்கைக்கோளைப் பிடிப்பது, சிக்னல் கெட்டால் காரணம் தேடுவது, இவைதான் என் தொழில். இந்தக் கருவியைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக எண்ணம். பழைய மைக்ரோவேவ் அனலைசர் வாங்கலாமா என்று இளைஞர்கள் சிலர் அண்மையில் கேட்டார்கள். அதனால் இப்போது எழுதிவிடுகிறேன்.

முதலில் எடை. எல்லா உபரி வசதிகளோடும் மூடியோடும் சேர்த்து ஏறத்தாழ 20 கிலோ. கைப்பிடியைச் சுழற்றி அடியில் கொண்டுவந்தால் அதுவே தாங்குகாலாக நின்று, திரை நம் முகத்தைப் பார்த்துச் சாயும். முன்மூடி கழன்று வரும். அடாப்டர்களும் கேபிளும் அதற்குள்ளேயே அடங்கும். ஒரு சிமென்ட் மூட்டையில் பாதிக்குச் சற்றே குறைந்த எடை கொண்ட பொருளைக் 'கையடக்கம்' என்று எப்படிச் சொன்னார்கள் என்று இன்றைய பையன்கள் வியக்கிறார்கள். அது வந்த காலத்தை வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சொல் புரியும்.

1964-இல் ஹியூலட்-பக்கார்டு வெளியிட்ட 8551 இரண்டு பெட்டிகளாக இருந்தது: ஒன்றில் ரேடியோ பகுதி, மற்றொன்றில் திரை. அளவு குறித்துக் கொடுத்த முதல் மைக்ரோவேவ் அனலைசர் என்று அதைச் சொல்லலாம். ஒரே வீச்சில் 2 கிகாஹெர்ட்ஸ் அகலத்தைக் காட்டியது. அதற்கு முன் அப்படி ஒரு பார்வை யாருக்கும் வாய்க்கவில்லை. அதன் முதல் ஆசிலேட்டர் (கருவிக்குள்ளேயே அலையை உண்டாக்கும் பகுதி) ஒரு வெற்றிடக் குழாய்: பின்னலை ஆசிலேட்டர். அதற்கு உயர் மின்னழுத்தம் வேண்டும், காந்தம் வேண்டும், இடம் வேண்டும். அதே ஆண்டில் டெக்ட்ரானிக்ஸ் பென்ட்ரிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை வாங்கித்தான் ஸ்பெக்ட்ரம் அனலைசர் தொழிலுக்குள் வந்தது. சில ஆண்டுகளில் 491 என்ற தூக்கிச் செல்லும் மாதிரியைக் கொடுத்தது. அது 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் திரையில் தெரிவதற்குப் பொருள் சொல்வது இயக்குபவர் பொறுப்பு.

இந்த வரலாற்றின் போக்கைத் திருப்பியது குண்டூசித் தலை அளவு உருண்டை ஒன்று. யிட்ரியம் இரும்பு கார்னெட், சுருக்கமாக யிக். மெருகேற்றிய அந்தக் கல்லை மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே வைத்தால், காந்தப்புலம் எவ்வளவோ அதற்கேற்ற அதிர்வெண்ணில் அது ஒத்ததிரும். ஒரு காஸுக்கு ஏறத்தாழ 2.8 மெகாஹெர்ட்ஸ். சுருளில் ஓடும் மின்னோட்டத்தை ஏற்றினால் அதிர்வெண் நேர்கோட்டில் ஏறும். டிரான்சிஸ்டரோடு சேர்த்தால் ஆசிலேட்டர். தனியாக வைத்தால் நகரும் வடிகட்டி. குழாயும் அதன் உயர் மின்னழுத்தமும் தேவையில்லை. எழுபதுகளின் இறுதியில் ஒரிகான் மாநிலத்து பீவர்ட்டனில் உருவான 492, இந்தக் கல்லின் மேல்தான் நிற்கிறது.

அதன் உள்கணக்கைப் புரிந்துகொண்ட பிறகுதான் இந்தக் கருவியின்மேல் எனக்குப் பிடிப்பு வந்தது. உள்ளே வரும் சிக்னலை மிக்சர் என்ற பகுதி ஆசிலேட்டரின் அலையோடு கலக்கும். இரண்டின் வித்தியாசம் 'இடைநிலை அதிர்வெண்' என்ற ஒரு நிலையான எண்ணாக வரும்போதுதான் சிக்னல் திரையில் தெரியும். முதல் ஆசிலேட்டர் 2.072-இலிருந்து 6.35 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். அடிப் பட்டை 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 1.8 கிகாஹெர்ட்ஸ் வரை. இங்கே இடைநிலை அதிர்வெண் 2072 மெகாஹெர்ட்ஸ், அதாவது பட்டையின் உச்சிக்கும் மேலே. அதனால் பிம்ப அதிர்வெண், அதாவது ஆசிலேட்டரின் மறுபக்கத்திலிருந்து அதே வித்தியாசத்தைத் தரும் வேண்டாத அதிர்வெண், 4 கிகாஹெர்ட்ஸுக்கு அப்பால் போய்விடும். நகராத ஒரு வடிகட்டியே அதைத் தடுத்துவிடும். ஆனால் அடுத்த பட்டை 1.7-இலிருந்து 5.5 கிகாஹெர்ட்ஸ் வரை. 2072 அதற்கு நடுவிலேயே விழுகிறது. உள்ளே வரும் 2072 சிக்னல் மிக்சரில் கலக்காமலேயே நேராக நுழைந்துவிடும் அல்லவா? எனவே அந்தப் பட்டைக்கும் அடுத்த இரண்டுக்கும் 829 மெகாஹெர்ட்ஸை இடைநிலையாக வைத்தார்கள். இப்போது பிம்பம் 1658 மெகாஹெர்ட்ஸ் தூரத்தில்தான் இருக்கிறது. அதைத் தடுக்க, ஆசிலேட்டரோடு கூடவே நகரும் யிக் முன்தேர்வி (மிக்சருக்கு முன்னால் நிற்கும் வடிகட்டி) வேண்டும். 18 கிகாஹெர்ட்ஸுக்குப் போக ஆசிலேட்டரின் மூன்றாம் மடங்கைப் பயன்படுத்துகிறார்கள். மடங்கு கூடக்கூட இரைச்சல் தளமும் உயரும். அதனால் மேல்பட்டைகளில் உணர்திறன் குறைவதைக் கண்டு பயப்பட வேண்டாம். உள்ளே 21 கிகாஹெர்ட்ஸ் வரை. வெளியே அலைவழி (அலைகளைக் கொண்டுசெல்லும் உலோகக் குழாய்) மிக்சர் மாட்டினால் 220 வரை. நான் 21-ஐத் தாண்டியதில்லை.

வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முன்தேர்வி 492-இல் உபரி வசதிதான். அதன் எண் 01. அது இல்லாத பெட்டியில் மேல்பட்டைகளில் ஒரே சிக்னல் பல இடங்களில் தலைகாட்டும். திரைச் சித்திரத்தை நினைவில் வைக்கும் டிஜிட்டல் சேமிப்பு 02. ஆசிலேட்டரைப் பூட்டி 100 ஹெர்ட்ஸ் வரை நுணுக்கமாகப் பார்க்க உதவுவது 03. என்னுடையதில் மூன்றும் இருக்கின்றன. 01-ம் 02-ம் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

இனி முன்பலகை. மூன்று குமிழ்கள்: அதிர்வெண், ஒரு கட்டத்துக்கு எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்ற அகலம், திரையின் மேல்கோடு குறிக்கும் சிக்னல் அளவு. மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும். அகலத்தை மாற்றினால் வடிகட்டியின் அகலமும், திரையை இடமிருந்து வலமாக வரையும் ஓட்டத்தின் வேகமும் தாமாக மாறும். பழைய அனலைசர்களில் இவை ஒவ்வொன்றையும் கையால் ஒத்துப்போக வைக்க வேண்டும். ஓட்டம் வேகமாகிவிட்டால் சிகரம் தாழ்ந்து தெரியும், படித்த எண் பொய்யாகும். 492-இலும் கையால் மாற்றலாம். ஆனால் பொருந்தாத இணையைத் தேர்ந்தால் 'அன்கால்' விளக்கு எரியும்: இந்த எண்ணை நம்பாதே என்று அர்த்தம். மைய அதிர்வெண், மேல்கோடு, உள்ளே எத்தனை டெசிபெல் குறைத்திருக்கிறது, வடிகட்டி அகலம் என எல்லாம் திரையிலேயே பச்சை எழுத்தில் நிற்கும். என்னைக் கேட்டால், 'கையடக்கம்' என்பதற்கான நியாயம் எடையைவிட இங்கேதான் இருக்கிறது. உடன் ஒரு கணக்குப் புத்தகமும் அனுபவசாலி ஒருவரும் மாடி ஏற வேண்டியதில்லை.

உச்சம்-சராசரிக் குமிழ் என் செல்லம். அதைத் திருகினால் திரையில் குறுக்காக ஒரு கோடு ஏறி இறங்கும். கோட்டுக்கு மேலே இருப்பதை உச்சமாகக் காட்டும். கீழே இருப்பதைச் சராசரி எடுக்கும். புல்வெளிபோல் நடுங்கும் இரைச்சல் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்ததும் மெல்லிய நூலாக அடங்கிவிடும். மேலே நிற்கும் சிக்னல் மட்டும் கூர்மை குறையாமல் இருக்கும். புதிய கருவிகளில் இதற்கு மெனுவுக்குள் மூன்று முறை போய் வருகிறார்கள்.

இந்தக் கருவி எனக்கு எதற்கு உதவியது என்பதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். 2022 அக்டோபரில் நாட்டில் 5ஜி தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் ஒரு சிற்றூர் கண்ட்ரோல் ரூமிலிருந்து அழைப்பு: படம் கட்டம் கட்டமாக உடைகிறது, டிஷ்ஷை எப்படித் திருப்பினாலும் சரியாகவில்லை. ரிசீவர்கள் மாற்றியாயிற்று, டிஷ்ஷில் சிக்னலைப் பெருக்கி அதிர்வெண்ணைக் குறைத்துக் கேபிளில் அனுப்பும் எல்.என்.பி.யையும் மாற்றியாயிற்று.

சி-பேண்ட் எல்.என்.பி.க்குள் 5150 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் இருக்கிறது. 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை வரும் டி.வி. சிக்னல், கேபிளில் 1450 முதல் 950 மெகாஹெர்ட்ஸாக, தலைகீழ் வரிசையில் இறங்கும். 492-இல் மையத்தை 1300-இல் வைத்து, கட்டத்துக்கு 100 மெகாஹெர்ட்ஸ் என்று அகலம் கொடுத்தேன். பத்துக் கட்டம், 800 முதல் 1800 வரை. டிரான்ஸ்பாண்டர்கள் (செயற்கைக்கோளின் தனித்தனி ஒளிபரப்புத் தடங்கள்) வரிசையாக மேடுகளாகத் தெரிய வேண்டிய இடத்தில், தேய்ந்த பற்களைப்போல் குட்டையாக நின்றன. அவற்றின் வலப்பக்கம், 1480-க்கு அப்பால், ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு ஓட்டத்தில் தெரியும், அடுத்ததில் இல்லை. 'மேக்ஸ் ஹோல்ட்' பொத்தானை அழுத்திவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தேன். துண்டு துண்டாக விழுந்தது சேர்ந்து, தட்டையான உச்சி கொண்ட பெரிய பாளமாக எழுந்தது. 5ஜி ஒரே அதிர்வெண்ணில் நேரத்தைப் பங்கிட்டு விட்டு விட்டுப் பேசும். அதனால்தான் அந்தத் துள்ளல். 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரை அதற்கு ஒதுக்கிய இடம். 5150-லிருந்து கழித்துப் பாருங்கள், 1850 முதல் 1480 வரை வரும்.

"இது அனலைசர் தானே உண்டாக்குகிற பொய்யாக இருக்காதா அண்ணே?" என்று உடன் வந்த தம்பி கேட்டான். சரியான கேள்வி. 492-இல் குறைந்த இரைச்சலா, குறைந்த சிதைவா என்று தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் உண்டு. அதை மாற்றினால் உள்ளே வரும் சிக்னல் 10 டெசிபெல் குறைந்து மிக்சரை அடையும். அதே அளவு பின்னால் ஈடுசெய்யப்படும். உண்மையான சிக்னல் திரையில் அசையாது. மிக்சரே உண்டாக்கியதாக இருந்தால் உயரம் மாறும். அழுத்திக் காட்டினேன். எதுவும் அசையவில்லை. அப்படியென்றால் கெடுதல் நம் பெட்டிக்கு வெளியே, எல்.என்.பி.க்குள். பக்கத்துக் கோபுரத்தின் பலத்த சிக்னல் அதன் முதல் டிரான்சிஸ்டரை அமுக்கிவிட்டது. அதை எத்தனை முறை மாற்றினாலும் கதை அதேதான். ஃபீடுக்கும் (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் முகப்பு) எல்.என்.பி.க்கும் நடுவே, 3.7 முதல் 4.2 வரை மட்டும் விடும் அலைவழி வடிகட்டியைப் பொருத்தினோம். பாளம் சரிந்தது, மேடுகள் நிமிர்ந்தன. கண்ட்ரோல் ரூம்காரர் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வேலையில் கவனிக்க வேண்டியது ஒன்று. எல்.என்.பி.க்குப் போகும் 13 அல்லது 18 வோல்ட் அதே கேபிளில்தான் ஓடுகிறது. நேர்மின்சாரத்தைத் தடுக்கும் டி.சி. பிளாக் இல்லாமல் அனலைசரில் மாட்டாதீர்கள். 2009-இல் ஒரு அவசரத்தில் நான் மாட்டினேன். ஒரு நொடிதான். முன்னால் இருக்கும் அட்டெனுவேட்டரில் (சிக்னலைக் குறைக்கும் பகுதி) ஒரு படி கருகி, மூன்று மாதம் கருவி இல்லாமல் நின்றேன். இன்று அந்த பிளாக்கை உள்ளீட்டு முனையிலிருந்து நான் கழற்றுவதே இல்லை. இன்னொன்று: கேபிள் டி.வி. உலகம் 75 ஓம், அனலைசர் 50 ஓம். இரண்டையும் பொருத்தும் 'பேட்' என்ற சிறு இணைப்பியைப் போட்டால் 5.7 டெசிபெல் போகும். அதைக் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. மார்க்கர் கிடையாது. ஒரு சிகரத்தின் அதிர்வெண் வேண்டுமென்றால் அதை நடுவுக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். அப்படிப் படித்ததும் சில மெகாஹெர்ட்ஸ் முன்பின்னாக இருக்கலாம். யிக் காந்தத்தில் மிச்சம் தங்கும் காந்தத்தன்மை ஒரு காரணம். அதைப் போக்கத்தான் முன்பலகையில் 'டீகாஸ்' பொத்தான் இருக்கிறது. தூரமான அதிர்வெண்ணுக்குத் தாவியதும் அதை ஒருமுறை அழுத்துவது எனக்கு அனிச்சையாகிவிட்டது. உள்ளேயே கவுண்டர் வைத்த 494 இந்தக் குறையைத் தீர்த்தது. கணினியோடு பேச வேண்டுமென்றால் 'பி' என்று முடியும் மாதிரி வேண்டும். மின்சாரம் ஏறத்தாழ 200 வாட் இழுக்கும், சிறிய யு.பி.எஸ். தாங்காது. இன்று கீசைட்டின் ஃபீல்டுஃபாக்ஸ் போன்றவை 26.5 கிகாஹெர்ட்ஸ் வரை பார்த்துக்கொண்டு மூன்று கிலோவில், பேட்டரியில் ஓடுகின்றன. பணம் இருப்பவர்கள் அதையே வாங்கலாம். தெருவில் நடந்துகொண்டே அளக்க வேண்டிய வேலைக்கு அதுதான் சரி.

பழைய பெட்டி வாங்கினால் பார்க்க வேண்டியவை: காற்றாடி சத்தமின்றிச் சுழல்கிறதா, பவர் சப்ளையின் மின்தேக்கிகள் உப்பியிருக்கின்றனவா, திரையின் பச்சை மங்கியிருக்கிறதா. பிறகு முன்பலகையின் சோதனை முனையைக் கேபிளால் உள்ளீட்டோடு இணையுங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் -20 டி.பி.எம். (சிக்னல் பலத்தின் அலகு) நிற்க வேண்டும், அதன் மடங்குகள் சீப்புப் பற்களைப்போல் வரிசையாக வர வேண்டும். எனக்கு இந்தச் சோதனை, காலையில் கடை திறந்ததும் தராசைச் சரிபார்ப்பதைப்போல. அரை மணி நேரம் சூடேறிய பிறகு செய்யுங்கள். அளவு சற்று விலகியிருந்தால் முன்பலகையிலேயே சிறு துளைகள் இருக்கின்றன. மெல்லிய திருப்புளியால் சரிசெய்துகொள்ளலாம்.

அதே பலகையில் முதல், இரண்டாம் ஆசிலேட்டர்களின் வெளியீட்டு முனைகள் உண்டு. பயன்படுத்தாதபோது அவற்றில் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டியிருக்க வேண்டும். விரல் நுனி அளவுள்ள அந்தப் பித்தளை மூடிகள் விற்பவரிடம் தொலைந்துபோயிருக்கும். ஏதோ தூசி மூடி என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். மூடிகள் இல்லாமல் அளவு ஏறி இறங்க, மிக்சர் கெட்டுவிட்டதோ என்று நான் ஒரு வாரம் பெட்டியைத் திறந்து வைத்துத் தேடியிருக்கிறேன். இப்போது உபரியாக நான்கு மூடிகள் முன்மூடியின் உள்ளே, சிறிய துணிப்பையில் கட்டித் தொங்குகின்றன.