விர்டஸ் ஜிடி பிரேக்: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் 1.5 ஜிடி வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள காருக்குப் பின்னால் டிரம் பிரேக்கா? டிஸ்க்காக மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாய்கிறது. வேலையில் முக்கால் பங்கை முன் டிஸ்க்குகளே செய்கின்றன. பின்னால் டிஸ்க் போட்டால் கார் சீக்கிரம் நின்றுவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் ஏபிஎஸ்ஸும் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இஎஸ்சியும் (கார் வழுக்காமல் நேராக வைப்பது) அந்த டிரம்மின் பிடிமானத்தை மனதில் வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. முன்-பின் சமநிலை கலைந்தால் ஈர ரோட்டில் பின்பக்கம் முதலில் வழுக்கும். ஹேண்ட்பிரேக் கேபிளுக்கும் புது வழி செய்ய வேண்டும், இன்சூரன்ஸிலும் கேள்வி வரும். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிரேக் ஆயிலுக்கும் முன் பேடுக்கும் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) செலவழித்தால் கிடைக்கும் பலன் அதிகம்.

இந்தக் காரின் பிரேக்குக்கு உண்மையான சோதனை வெப்பம்தான். ஆட்களும் பெட்டியும் சேர்த்துக் கார் 1,500 கிலோ என்று வையுங்கள். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் சுமார் 580 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. 140-லிருந்து நின்றால் ஏறக்குறைய அதில் இரு மடங்கு. 1,000 மீட்டர் உயரத்திலிருந்து மலை இறங்கினால் கணக்கு 14,700 கிலோஜூல். அதாவது 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறை நிற்பதற்குச் சமம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் டி மோடில் விட்டுக் காலை பிரேக்கிலேயே வைத்து இறங்குபவர், இந்த வெப்பத்தில் பெரும்பகுதியைப் பேடிலும் டிஸ்க்கிலும் கொட்டுகிறார். டிஎஸ்ஜி எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் மேனுவல் மோடுக்குப் போய் இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் ஒரு நல்ல பங்கைத் தாங்கிக்கொள்ளும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மலையில் பிரேக் கைவிடும்போது அது இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சு போல் தரைவரை போனால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகிவிட்டது. முதலாவதற்கு மருந்து பேட், இரண்டாவதற்கு ஆயில். எது நடந்தது என்று பார்க்காமல் பாகம் வாங்குவது வீண்செலவு. ஆறியதும் பெடல் பழையபடி திரும்பிவிடும். அதை நம்பி விட்டுவிடக் கூடாது. ஒருமுறை கொதித்த ஆயிலை முழுதாக மாற்றியே ஆக வேண்டும்.

ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். டாட் 4 எனும் பிரேக் ஆயில் தரத்துக்குப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, சுமார் 3.7 சதவீத நீர் சேர்ந்த பிறகு 155. டப்பாவில் பெரிதாக அச்சிடுவது முதல் எண்ணை. வாங்குபவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை.

கடைகளில் அதிகம் பேசப்படுபவை நான்கு. ஏடிஇ எஸ்எல்.6 புதிதாக இருக்கையில் 265 டிகிரி, நீர் சேர்ந்தால் 175. ஏடிஇ டைப் 200-க்கு 280, 198. மோட்டுல் ஆர்பிஎஃப் 600-க்கு 312, 205. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப்புக்கு 320, 270. எண்களை மட்டும் பார்த்தால் கடைசி இரண்டும்தான் ஜெயிக்கும். ஆனால் தினசரி ஓடும் விர்டஸுக்கு எங்கள் தேர்வு எஸ்எல்.6. காரணம் பிசுபிசுப்பு. இஎஸ்சி பம்ப் ஆயிலை நுண்ணிய வால்வுகள் வழியே நொடிப்பொழுதில் தள்ள வேண்டும். அதற்கு மெல்லிய ஆயில் தேவை. ஃபோக்ஸ்வாகனின் வி.டபிள்யூ 501 14 தரம் கேட்பதும் ஐஎஸ்ஓ 4925-இன் ஆறாம் வகுப்பு மெல்லிய ஆயிலைத்தான். எஸ்எல்.6 அந்த வகுப்பு. அடிக்கடி மலை ஏறி இறங்குபவர் டைப் 200 போடலாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுபவருக்கு ஆர்பிஎஃப் 600 பொருந்தும். அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். எஸ்ஆர்எஃப் அருமையான ஆயில்தான், ஆனால் அதன் விலைக்கு ரோட்டுக் காரில் வேலை இல்லை.

டாட் 5 என்று எழுதிய டப்பாவைத் தொடவே வேண்டாம். அது சிலிக்கான் ஆயில். இந்த பிரேக்குக்கு ஆகாது. டாட் 5.1 வேறு, அது கிளைகால் வகை. ஒரு புள்ளி வித்தியாசத்தில் கவுண்டரில் தவறு நடக்கிறது.

முழுதாக மாற்ற ஒரு லிட்டர், அதாவது 500 மில்லி டப்பா இரண்டு, தாராளமாகப் போதும். திறந்து வைத்த பழைய டப்பாவை ஊற்றக் கூடாது. ஏர் எடுக்கும்போது, அதாவது குழாயிலுள்ள காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றும்போது, மேலே உள்ள டேங்கில் ஆயில் வற்றவே கூடாது. வற்றிக் காற்று ஏபிஎஸ் மாட்யூலுக்குள் போய்விட்டால் பெடலை மிதித்து மட்டும் அதை வெளியேற்ற முடியாது, ஸ்கேனரை மாட்டி பம்ப்பை ஓடவிட வேண்டியிருக்கும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு அந்தக் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பின்பற்றுங்கள். கியர் மேனுவல் என்றால் கிளட்ச்சும் அதே டேங்க் ஆயிலைத்தான் குடிக்கிறது. அதிலும் ஏர் எடுக்கச் சொல்லுங்கள், பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். பெயின்ட்டில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அடுத்தது பேட். பேடின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து குளிர்ந்த நிலைப் பிடிப்பு, இரண்டாவது சூடான நிலைப் பிடிப்பு. இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. கம்பெனி பேடில் குறை இல்லை, நகரத்துக்கு அதுவே போதும். விரைவாக ஓட்டுபவருக்கு இபிசி எல்லோஸ்டஃப் போன்ற ஒரு படி மேலான பேட் நியாயமான செலவு. முழு ரேஸ் பேட் மட்டும் வேண்டாம். அது சூடேறாமல் பிடிக்காது. காலையில் வீட்டுச் சந்திலிருந்து கிளம்பும்போது குறுக்கே வரும் பிள்ளைக்கு அந்தத் தாமதம் ஆபத்து. இன்னொன்று: பேட் தேயத் தேய ஆயிலுக்குப் போகும் வெப்பம் கூடும். உலோகத் தகட்டை விட்டுவிட்டு 3 மி.மீ.தான் மிச்சம் என்றால் மலைப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது காலிபர் நகர்வதற்கான கைடு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் பூச வேண்டும். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதி, பின் சிக்கிக்கொள்ளும். பிறகு உள்பக்க பேட் ஒருபக்கமாகத் தேயும், மைலேஜும் குறையும். தேய்மானம் இப்படி ஏறுமாறாக இருந்தால் பேடைக் குறை சொல்வதற்கு முன் பின்னைப் பாருங்கள்.

புது பேடைப் பழக்குவதை ஒர்க்‌ஷாப்கள் செய்து தருவதில்லை. வண்டி இல்லாத ரோட்டில் 60-லிருந்து 15 வரை, மிதமான அழுத்தத்தில், முழுதாக நிற்காமல் 8 முதல் 10 முறை வேகம் குறையுங்கள். பிறகு பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள். சூட்டோடு நின்று பெடலை அழுத்திப் பிடித்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வரும் ஸ்டீயரிங் நடுக்கத்தை ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்கிறார்கள். பெரும்பாலும் அது வளைவு அல்ல, இந்தப் படிவுதான். இல்லையென்றால் டிஸ்க் பொருந்தும் ஹப் முகத்தில் துரு, அல்லது ஏர் கன்னால் ஒருபக்கம் முறுக்கிய வீல் போல்ட். போல்ட்டை டார்க் ரெஞ்ச்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு, குறுக்கு வரிசையில் முறுக்க வேண்டும்.

நடுங்கும் டிஸ்க்கை லேத்தில் கடைந்து தரச் சிலர் முன்வருவார்கள். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே போகும் என்றால் மறுத்துவிடுங்கள். மெல்லிய டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது. மாற்றினால் இருபுறமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஓட்டை போட்ட டிஸ்க் அழகுக்குத்தான். கடும் வெப்பத்தில் ஓட்டையிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸுக்குப் பதில் போடும் ஸ்டீல் பின்னல் ஹோஸ் பெடலைக் கெட்டியாக்கும், நிற்கும் தூரத்தைக் குறைக்காது. கம்பெனி ரப்பர் ஹோஸ் வெடிப்பில்லாமல் இருந்தால் அவசரம் இல்லை. போடுவதானால் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே காரை இறக்குங்கள்.

பின் டிரம்மை யாரும் திறப்பதில்லை. 20,000 கி.மீ.க்கு ஒருமுறை திறந்து தூசியை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். காற்றடித்து ஊதினால் அது நுரையீரலுக்குள் போகும். டிரம்முக்குள் ஷூவை (உராய்வுக் கட்டையை) தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஆயில் கசிகிறது. ஷூவில் பட்டிருந்தால் இருபுற ஷூவையும் மாற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் பல் கூடுதலாக ஏறினால் கேபிளை இழுத்துக் கட்டுவதற்கு முன் டிரம்மைத் திறந்து ஷூவின் அட்ஜஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.