ஒட்டடைக் கம்பில் கட்டிப் பார்த்த வைஃபை: யூ6 பிளஸ், எட்டு மாதம் கழித்து

சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருந்த நாளில்தான் கூரையில் வைஃபை டப்பா மாட்டும் யோசனையே எனக்கு வந்தது. கான்கிரீட் போட்ட பிறகு வந்திருந்தால் சுவரை வெட்டித்தான் ஒயர் இழுத்திருக்க வேண்டும். "ஹால் நடுவுல நெட் ஒயருக்கு ஒரு பைப் எக்ஸ்ட்ரா விட்ருங்கண்ணே" என்றேன். எலக்ட்ரீஷியன் மேலிருந்தபடியே சிரித்தார். "அங்க ஃபேன் வரும்மா. உங்க டப்பாவ எங்க மாட்டுவீங்க?"

சரிதான். நம் வீடுகளில் அறையின் நடு என்பது ஃபேனுக்குப் பட்டா போட்ட இடம். கீழே ஹாலுக்கும் இரண்டு பெட்ரூமுக்கும் நடுவிலிருக்கும் பாசேஜின் கூரையில் ஒன்று, மாடியில் என் வேலை அறை வாசலுக்கு மேலே ஒன்று என்று முடிவானது. கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் விடலாம் என்றார். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. தனி பைப்.

வாங்கியது யுபிக்விட்டி நிறுவனத்தின் யூனிஃபை யூ6 பிளஸ், நெட் ஒயரை வாங்கி வைஃபையாகப் பரப்பும் டப்பா, இரண்டு. 16 செ.மீ. அகலம், டிபன் தட்டு மாதிரி. வைஃபையின் ஆறாம் தலைமுறையான வைஃபை 6. நெட் ஒயரிலேயே கரண்டும் போய்விடுவதால் கூரையில் பிளக் பாயிண்ட் தேவையில்லை. ஆனால் அந்தக் கரண்டைக் கொடுக்கும் இன்ஜெக்டர் பெட்டியில் வராது. அதனால் நெட்டையும் கரண்டையும் ஒரே ஒயரில் இரண்டு டப்பாவுக்கும் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச் ஒன்றும் சேர்த்து வாங்கினேன். பில்லைப் பார்த்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இதற்குப் பதில் விலை கூடிய பெரிய மாடல் ஒன்றே போதுமே என்று கடைக்காரர் சொன்னார். கூரையிலிருக்கும் டப்பா எவ்வளவு உரக்கக் கத்தினாலும், கையிலிருக்கும் போன் பதில் சொல்வது அதற்குக் கேட்க வேண்டுமே! நடுவில் இருப்பது கம்பி வலை பின்னிய 5 அங்குலத் தளம்.

மாட்டுவதற்கு முன் ஒரு டப்பாவை ஒட்டடைக் கம்பின் நுனியில் டேப் போட்டுக் கட்டி, நீள ஒயரோடு மகனைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். நான் போனில் சிக்னல் ஆப்பைத் திறந்துகொண்டு அறை அறையாக நடந்தேன். கீழே பாசேஜில் அவன் நின்றபோது ஹாலில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் சிக்னல் அளவு மைனஸ் 47. மாடியில் என் மேசையில் அதுவே மைனஸ் 79. பூஜ்யத்திலிருந்து விலக விலகச் சிக்னல் மோசம். 79-ல் மீட்டிங்கில் என் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். "கை வலிக்குதும்மா" என்று அவன் கம்பைச் சாய்த்துப் பிடித்ததும் ஒரு பாடம்தான். இவை கூரையில் படுத்திருந்து கீழ்நோக்கிப் பரப்பச் செய்தவை; சுவரில் செங்குத்தாக மாட்டினால் வீச்சில் ஒரு பங்கு மேலும் கீழும் போய்விடும்.

கீழ் பெட்ரூமின் மூலையில் மட்டும் மைனஸ் 71. குற்றவாளி கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ. அதை எதிர்ச்சுவருக்குத் தள்ளியதும் 58.

முதல் வாரம் மாடி டப்பா நினைத்தபோதெல்லாம் அணைந்து எரிந்தது. டப்பாவைத்தான் திட்டினேன். ஒயர் முனையைக் கத்தியால் சுரண்டினால் செம்புப் பூச்சுக்குள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம்; கரண்ட் முழுதாகப் போய்ச் சேரவில்லை. நெட் ஒயரின் தரக் குறியான கேட் 6 என்று அச்சடித்து விற்ற கடையின் பெயர் வேண்டாம். முழுச் செம்பு ஒயரை வாங்கி, பழையதிலேயே கட்டி இழுத்து மாற்றினோம். தனி பைப் இருந்ததால் அரை மணி நேர வேலை. அதன்பிறகு ஒருமுறைகூட அணையவில்லை.

செட்டிங்குக்கு அதன் மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் போட்டேன். அமைத்த பிறகு லேப்டாப்பை மூடிவிடலாம். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6. பக்கத்து வீடு 11-ல் இருக்கிறது. 2.4-இன் பவரைக் குறைத்த பிறகுதான் மாடி ஏறும்போது போன் கீழ் டப்பாவை விட்டுவிட்டு மேலே தாவ ஆரம்பித்தது. எல்லாம் ஃபுல் பவரில் இருந்தால் பழையதையே பிடித்துத் தொங்கும்.

குறை என்றால், இருப்பது ஒரே ஒரு போர்ட். அதிலிருந்து இன்னொரு ஒயர் எடுத்து டிவிக்குக் கொடுக்க முடியாது. மொட்டை மாடிக்குச் சிக்னல் எட்டாது, எனக்கு அது தேவையுமில்லை. மற்றபடி 5-க்கு நாலரை தருவேன்.

டப்பாவின் நீல விளக்கை ஆப்பிலேயே அணைத்துவிடலாம். அணைத்தேன். மறுநாள் காலையில் அத்தை, "பாசேஜ்ல விடிவெளக்கு ஃபீஸ் போயிடுச்சு பாரு" என்றார். இப்போது எரிகிறது.