அப்ரூவல் நம்பர் உண்மை, மனைதான் பொய்: 4,50,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம்

புறநகரில் மனை வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். செங்கல்பட்டு பக்கம் ஒரு மனை விற்பனை நிறுவனத்திடம் 4,50,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம். அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணம். பெயரை இப்போது வெளியே சொல்ல வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிப்போய் இடம் காட்டினார்கள். சில வருடம் முன்பு வரை நெல் விளைந்த ஊர். இப்போது ஸ்டேஷனைத் தாண்டினால் வழியெல்லாம் மஞ்சள் கல்லும் கொடியும்தான். நல்ல வெயில். மேனேஜர் தன் நாற்காலியைத் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் போட்டு அப்பாவை உட்காரவைத்தார். தானே இளநீர் வெட்டிக் கொடுத்தார். "உங்க பையனா நினைச்சுக்கோங்க ஐயா. டிடிசிபி, ரெரா ரெண்டும் இருக்கு. சார், நம்பரை நீங்களே போட்டுப் பாருங்க" என்றார். டிடிசிபி என்பது மனைப்பிரிவுக்கு (லேஅவுட்டுக்கு) அனுமதி தரும் நகர் ஊரமைப்புத் துறை. ரெரா என்பது மனை, வீடு விற்பனையைக் கண்காணிக்கும் ஆணையம். அங்கேயே நின்று ஃபோனில் ரெரா தளத்தில் பார்த்தேன். எண் வந்தது. சர்வே எண்ணும் சரியாக இருந்தது. அதோடு சந்தேகப்படுவதை விட்டுவிட்டேன். அன்றைக்கே டோக்கன் 50,000, அடுத்த வாரம் 4,00,000. கையில் ஒரு ரசீது மட்டும்.

வங்கிக் கடனுக்காகப் பத்திரம் பார்க்க வக்கீலிடம் போனபோதுதான் இடி விழுந்தது. அவர் ரெரா தளத்திலிருந்து எடுத்த அனுமதி வரைபடத்தையும் இவர்கள் கொடுத்த நோட்டீஸையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். எங்கள் மனை 47-ஏ. வரைபடத்தில் 47 இருக்கிறது, 48 இருக்கிறது. 47-ஏ என்று ஒன்று இல்லவே இல்லை. அந்த மூலையில் பச்சை அடித்துப் 'பூங்கா' என்று எழுதியிருக்கிறது.

பெரிய லேஅவுட் என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம்தான் இறுதி அனுமதியே. அதாவது எங்களுக்குக் காட்டிய அன்று அந்த இடம் அவர்களுடையதே இல்லை. அங்கே ஏற்கெனவே வீடு கட்டியிருக்கிறவர்களின் பிள்ளைகள் விளையாட வேண்டிய மண் அது.

கேட்டால் முதலில், "ரிவைஸ்டு பிளான் போட்டிருக்கோம் சார், வந்துடும்." அடுத்த முறை, "எம்.டி. வெளியூர்ல இருக்கார்." அதற்கடுத்து, "வேற மனை மாத்தித் தரோம், சதுர அடிக்கு 300 ரூபாய் கூட ஆகும்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருப்பதைக் காட்டினார்கள். அப்பாவை ஐயா என்றவர் இப்போது அப்பாவின் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். 4,50,000 ரூபாய்! இரண்டு நாளாக அப்பா யாரிடமும் பேசவில்லை.

மனை விலை 22 லட்சம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவே கூடாது என்று ரெரா சட்டம் சொல்கிறதாம். 2,20,000-க்கு மேல் கேட்டபோதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். எண் இருந்தால் மட்டும் போதாது, அனுமதி வரைபடத்தில் உங்கள் மனை எண்ணைத் தேடுங்கள். ஏ, பி என்று வால் இருந்தால் உஷார். வில்லங்கச் சான்று போட்டு, தானப் பத்திரம் எந்தெந்த இடத்துக்கு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தைக் காட்டி அதுதான் அப்ரூவல் என்றால் நம்பாதீர்கள். வக்கீலிடம் டோக்கனுக்கு முன்னால் போங்கள்.

திங்கட்கிழமை ரெராவில் புகார் கொடுக்கிறோம். இன்று காலைகூட அதே மூலை மனையை, 'ஒன்று மட்டுமே மீதம்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் யாராவது 47-ஏ-வுக்கு டோக்கன் கொடுத்திருந்தால் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.