வளாக அங்காடியில் ஆறு ஆண்டுகள்: ஒரு வாடிக்கையாளரின் அனுபவம்

முதுநிலைப் படிப்பில் இரண்டு ஆண்டுகள், ஆய்வு மாணவனாக நான்கு ஆண்டுகள் என ஆறு ஆண்டுகளாக ஒரே பல்கலைக்கழக வளாக அங்காடியில் பொருள் வாங்கி வருகிறேன். வெளியில் விலை குறைவு என்பது முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும் செய்தி. அதை விரித்துச் சொல்லப் போவதில்லை. இந்தக் கடையை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பதே நான் எழுத நினைப்பது.

நம்பத் தக்கவற்றில் முதலிடம் பாடநூல்களுக்கு. ஆசிரியர்கள் தரும் பட்டியலை வைத்தே வரவழைப்பதால் இங்கே பதிப்பு மாறிப்போவது அரிது. இதன் அருமையை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதல் பருவத்தில் இணையத்தில் மலிவாகக் கிடைத்த முந்தைய பதிப்பை வாங்கினேன். பாடப் பகுதிகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஆனால், பயிற்சிக் கணக்குகளின் வரிசை எண்கள் மாறியிருந்தன. மூன்றாம் வாரம் நான் ஒப்படைத்த விடைத்தாளில் பாதி, ஆசிரியர் கேட்காத கணக்குகள். அன்று முதல் முன்னட்டையை நம்புவதில்லை, நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணைத்தான் ஒப்பிடுகிறேன். 2007 முதல் 13 இலக்கங்களில் வழங்கப்படும் அந்த எண் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதோடு, ஒரே பதிப்பின் கெட்டி அட்டைப் பிரதிக்கும் சாதா அட்டைப் பிரதிக்கும்கூட வேறுபடும்.

பழைய பிரதிகளுக்கான அடுக்கும் பயனுள்ளதே. இணையப் பயிற்சிக்காக நூலோடு வரும் குறியீடு தேவைப்படும் பாடமாக இருந்தால் மட்டும் அங்கே போக வேண்டாம். பெரும்பாலும் அதை ஒருவர் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும், முன்னவர் அதைச் சுரண்டி முடித்திருப்பார்.

என் பெரிய மனக்குறை, திருப்பித் தரும் விதியைப் பற்றியது. கடை நாள் கணக்கை ரசீதுத் தேதியிலிருந்து தொடங்குகிறது. பல்கலைக்கழகமோ பாடத்தை மாற்றிக்கொள்ளும் அவகாசத்தை வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடுகிறது. ஆகவே, கூட்டத்துக்கு அஞ்சி முன்கூட்டியே வாங்கிய பொறுப்பான மாணவன்தான் மாட்டிக்கொள்கிறான். பாடத்தை விட்டுவிட அனுமதி கிடைக்கும்போது நூலைத் திருப்பும் கெடு முடிந்திருக்கும். ஒருமுறை அப்படி என் கையில் தங்கிய நூல், உறைகூடப் பிரிக்கப்படாமல் இன்றும் அலமாரியில் இருக்கிறது.

கடையின் பெயரிலேயே விற்கப்படும் தாள்கட்டிலும் எனக்கு ஐயம் எழுந்தது. உறையில் சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று அச்சிட்டிருந்தும், இருபுறமும் அச்சடித்தபோது பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தது. ஏ4 தாள்கள் பதினாறைச் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்; எனவே 80 கிராம் தாளில் ஒரு தாள் 5 கிராம் இருக்க வேண்டும். ஆய்வகத் தராசில் பத்துத் தாள்களை வைத்துப் பார்த்தேன். 44 கிராமைத் தாண்டவில்லை, அதாவது அது 70 கிராம் தாள். கணக்கைச் சொன்னதும் மேலாளர் மறு பேச்சின்றிப் பணத்தைத் திருப்பித் தந்தார். உறை மட்டும் அடுத்த பருவம் வரை மாறவில்லை.

ஆய்வக அங்கி விஷயத்தில் அவர்கள் விரைந்து செயல்பட்டதையும் சொல்ல வேண்டும். ஓராண்டு, கசங்காது என்பதற்காகப் பாலியஸ்டர் கலந்த அங்கிகளை வரவழைத்திருந்தார்கள். தீப்பட்டால் செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும் என்பதால் ஆய்வகப் பொறுப்பாளர் எங்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். இரண்டே வாரத்தில் பருத்தி அங்கிகள் வந்தன. பழையவற்றை ரசீது கேட்காமலே மாற்றித் தந்தார்கள்.

சின்னம் பொறித்த சட்டைகளையும் கோப்பைகளையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவை பட்டமளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோருக்கானவை.

கால்குலேட்டரை இங்கேயே வாங்குவது நல்லது. தேர்வறையில் அனுமதிக்கப்படும் மாதிரிகளை மட்டுமே வைத்திருப்பதால் கண்காணிப்பாளரிடம் வாதாட வேண்டியிருக்காது. பேட்டரியை மட்டும் முந்தைய நாளே வாங்கிவிடுங்கள்; தேர்வு தொடங்குவதும் ஒன்பது மணிக்கு, கடை திறப்பதும் ஒன்பது மணிக்கு.